நான்கு விரல் அகலம்

துணியின் ஓரத்தில் ஓடும் பொன்னிழை வேலைப்பாட்டைப் பற்றி நம்மிடையே இரண்டே விதமான பேச்சுகள் வழங்கி வருகின்றன. ஒன்று புகழ்ச்சி, மற்றொன்று இரக்கம். மணமகளின் சட்டைக் கையில் மின்னும் சரிகையைக் கண்டவுடன் "என்ன அழகு!" என்பர். அந்த வேலையைச் செய்த கைகளைப் பற்றிய பேச்சு எழுந்தால் "பாவம், கண் போகும் தொழில், கூலியோ குறைவு" என்று பெருமூச்சு விடுவர். இரண்டும் நல்ல மனத்திலிருந்து எழுபவையே. ஆயினும் புகழ்ந்தவரோ இரங்கியவரோ அந்த வேலையை உற்றுப் பார்த்தாரா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வெண்பாவில் தளை தட்டினால் நம் புலவர்கள் அந்தக் கணமே கண்டுகொள்வர். கிராஅத் ஓதுபவர் ஓர் எழுத்தின் நீட்டத்தைக் குறைத்தால் பின்வரிசையில் இருக்கும் முதியவரும் தலை நிமிர்ந்து பார்ப்பார். ஆனால் ஒரு சட்டையின் கழுத்தோரம் வளையுமிடத்தில் தையல் தட்டினால் அதைச் சுட்டிக் காட்ட நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை. விலை தெரியும், எடை தெரியும், எத்தனை நாள் பிடித்தது என்பதும் தெரியும். தரம் தெரியாது.

இந்தக் குறை கலையறிவைச் சேர்ந்ததாக மட்டும் இருந்தால் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியதில்லை. இது சோற்றைச் சேர்ந்த குறையுமாகும். எப்படி என்பதைப் பின்னர்க் காண்போம்.

சென்னை மாநகரின் மேற்கு வாயில் என்று பூந்தமல்லியைச் சொல்லலாம். அங்கிருந்து நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சென்றால் பட்டுக்குப் பெயர்போன காஞ்சிபுரம். பூந்தமல்லியின் பழைய பள்ளிவாசல் 1653ஆம் ஆண்டில், கோல்கொண்டாவின் ஆட்சிக் காலத்தில் எழுந்தது. அதைக் கட்டியவர் பாரசீக நாட்டின் அஸ்தராபாத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ருஸ்தம் என்பவர் என்று அங்குள்ள கல்வெட்டு பேசுகிறது. பாரசீக மொழி தன் சொற்களை இந்த வட்டாரத்தில் விட்டுச் சென்று முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. குமணன்சாவடியில் திரும்பி, மாங்காடு வழியாகக் குன்றத்தூருக்குச் செல்லும் சாலையில் பட்டூர் என்ற ஊர் இருக்கிறது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர். சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்கு அண்டை ஊர் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைப்போம். சரிகைப் பூத்தையல் இங்கு வீட்டுத் தொழில்.

வேலை நடக்கும் விதத்தைத் தெரிந்து கொள்ளாமல் தரம் பேசுவது, யாப்பறியாமல் கவிதை பேசுவது போன்றது. ஆதலால் சற்றுப் பொறுமையாகவே பார்ப்போம். முதலில் கோலம் ஒரு மெல்லிய தாளில் வரையப்படுகிறது. வரைந்த கோட்டின் மீது ஊசியால் நெருக்க நெருக்கத் துளையிடுகிறார்கள். துளையிட்ட தாளைத் துணியின் மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் துணிப்பந்தால் தேய்த்தால், துளைகளின் வழியே கோலம் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கும். பிறகு அத்துணியை நீண்ட மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். தட்டினால் பறைபோல் ஒலிக்கும் அளவுக்கு விறைப்பாக இருக்க வேண்டும். சட்டத்தின் இருபுறமும் தரையில் அமர்ந்து இருவரோ நால்வரோ வேலை செய்வர்.

வேலையில் இரண்டு வகை. ஆரி என்பது நுனியில் சிறு கொக்கி உடைய ஊசி. வலக்கை மேலிருந்து அவ்வூசியைக் குத்தி இறக்கும். துணிக்கு அடியில், கண்ணுக்குப் படாத இடக்கை நூலைக் கொக்கியில் மாட்டிக் கொடுக்கும். ஊசி மேலேறும்போது நூல் ஒரு கண்ணியாக மேலே வரும். அந்தக் கண்ணிக்குள்ளிருந்தே அடுத்த கண்ணி பிறக்கும். இப்படியே சங்கிலி ஓடும். மற்றொன்று சர்தோசி. 'சர்' என்றால் பொன், 'தோசி' என்றால் தையல், பாரசீகச் சொல். பொன்முலாம் பூசிய கம்பியைச் சுருளாகச் சுற்றி, அச்சுருளைத் துண்டு துண்டாக நறுக்கி, மணி கோப்பதுபோல் சாதாரண ஊசியில் கோத்துத் துணியோடு பிணைப்பது. சலமா, நக்ஷி என்று அச்சுருள்களுக்குப் பல பெயர்கள். ஆரி விரைவான கை; சர்தோசி பொறுமையான கை. ஒரே ஓரப் பட்டையில் கொடிகள் ஆரியாகவும் பூக்கள் சர்தோசியாகவும் அமைவது வழக்கம்.

ஆரியின் வரலாறு அது நடக்கும் முறையைப் போலவே கீழும் மேலுமாக ஓடுவது. குஜராத்திலும் கட்சிலும் தோல் தைக்கும் மோச்சிகள் தங்கள் குத்தூசியின் வடிவை மாற்றித் துணிக்குக் கொண்டுவந்த கலை அது. அரண்மனைகள் அதை வாங்கின. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிழக்கிலிருந்து இக்கொக்கித் தையலைக் கற்றுக்கொண்ட ஐரோப்பியர், வட்டச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டியதால் பறை என்று பொருள்படும் 'தாம்பூர்' என்ற பெயரை அதற்குச் சூட்டினர். அடுத்த நூற்றாண்டில் பிரான்சின் லூனேவில் நகரத்தார் அதே கொக்கியால் மணியும் சிமிக்கியும் தைத்துப் புகழ் பெற்றார்கள். பாரிசின் ஆடை மாளிகைகளுக்குப் பூத்தையல் செய்து கொடுக்கும் லெசாஜ் நிறுவனம் 1924இல் தொடங்கி அந்த மரபில் வளர்ந்தது. அக்குடும்பத்தின் வழிவந்த ஜான்-பிரான்சுவா லெசாஜ் 1993இல் சென்னைக்கு வந்து 'வஸ்திரகலா' என்ற பட்டறையை நிறுவினார். கிழக்கிலிருந்து போன ஊசி இருநூற்றைம்பது ஆண்டு கழித்துக் கிழக்கிற்கே வேலை தேடி வந்தது. வந்தவர் இங்குள்ள கைகளை மதித்தார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம்மைக் கேட்டால், மதிக்க அவருக்கு ஓர் அளவுகோல் கைவசம் இருந்தது என்பதே முக்கியம். அந்த அளவுகோல் நம்மிடமும் இருந்திருக்க வேண்டும்.

இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

ஆண்கள் பட்டணிவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அந்த விலக்கினுள் ஒரு சிறு இடம் விடப்பட்டிருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு, மூன்று அல்லது நான்கு விரல் அகலம் வரை பட்டு இருக்கலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்ததை உமர் (ரலி) அவர்கள் ஜாபியாவில் ஆற்றிய உரையில் எடுத்துரைத்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதே தொகுப்பில் மற்றொரு செய்தி. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களிடம் பெருமானாரின் மேலங்கி ஒன்று இருந்தது. அதன் திறப்புகளில் பட்டுக் கரை வைத்துத் தைத்திருந்தது. அங்கியைப் பேணி வைத்திருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மறைந்த பின் அது அஸ்மாவிடம் வந்தது. சட்ட நுணுக்கம் பேசுவது நமது நோக்கமன்று; அதற்கு உலமாப் பெருமக்கள் இருக்கிறார்கள். கலையைப் பற்றிய ஒரு குறிப்பு அந்த நான்கு விரலில் ஒளிந்திருக்கிறது என்பதையே சொல்ல வருகிறோம். அளவு விரலால் சொல்லப்பட்டது. அந்தப் பட்டும் துணியின் நடுவில் அமராமல் அதன் திறப்பிலும் முடிவிலும் அமர்ந்தது. கழுத்து, கை, கீழ்விளிம்பு என்று துணி உடலைச் சந்திக்கும் இடங்களும் துணி முடியும் இடங்களுமே அதற்குரிய இடங்கள். தேய்வதும் கிழிவதும் அங்கேதான். கண் முதலில் போய் நிற்பதும் அங்கேதான். ஓரப் பட்டை காப்பாகவும் அணியாகவும் ஒரே நேரத்தில் பணி செய்கிறது.

இந்த அளவின் பேருருவைக் காண விரும்புவோர் கஃபாவின் திரையைப் பார்க்கட்டும். பதினான்கு மீட்டர் உயரமுள்ள கரும்பட்டு. அதன் மேற்பகுதியில் சுற்றி ஓடும் 'ஹிஸாம்' என்ற பொன்னெழுத்துக் கச்சை ஏறத்தாழ 47 மீட்டர் நீளமும் 95 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. எழுத்துகளுக்கு அடியில் பருத்தி நூலை அடுக்கி மேடாக்கி, அதன்மேல் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கம்பியைத் தைக்கிறார்கள். தைத்த கை எவ்வளவு செறிவாகத் தைத்தாலும், அந்தச் செறிவு ஒரு பட்டைக்குள் அடங்கி நிற்கிறது. அதற்கு மேலும் கீழும் கருமை. கருமையில்லாவிட்டால் அப்பொன் பேசாது. 1927இல் மக்காவிலேயே கிஸ்வா செய்யும் பட்டறை தொடங்கியபோது அதற்காக இந்தியாவிலிருந்து கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. எகிப்திலிருந்து வந்துகொண்டிருந்த திரை 1962க்குப் பின் வரவில்லை, மக்காவிலேயே முழுமையாகத் தயாராகிறது.

நம் நாட்டிலும் அளவறிந்த கரைக்கு எடுத்துக்காட்டு உண்டு. காஞ்சிபுரத்துக் 'கோர்வை'ச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்து ஊடையால் நெய்யப்பட்டு, இழைக்கு இழை ஒன்றோடொன்று பின்னப்படுகின்றன. மூன்று நாடா வேண்டும். நெய்பவருக்குத் துணையாக மற்றொரு கையும் வேண்டும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று நெசவாளர்கள் சொல்வார்கள். தைத்து ஒட்டிய பட்டைக்கு அந்தப் பிறவி உறவு கிடையாது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த உறவு அது. எனவே துணியோடு அது எப்படி ஒத்துப் போகிறது என்பதே தைத்த பட்டையைச் சோதிக்கும் இடம். மருமகள் வீட்டுக்கு வந்த கதைதான்.

அந்தச் சோதனை வளைவில் நடக்கிறது. கடையில் கெஜக்கணக்கில் விற்கும் ஆயத்த லேஸ் நேர்கோடாகப் பிறந்தது. சௌகார்பேட்டைக் கடைகளில் சுருள் சுருளாக அடுக்கி வைத்திருக்கும் அவற்றில் பெரும்பகுதி சூரத்திலும் அதைப் போன்ற நகரங்களிலும் இயந்திரத்தில் தைத்து வருபவை. நேர்கோடாகப் பிறந்ததைக் கழுத்து வளைவில் வைத்தால் உட்புறம் நீளம் மிஞ்சும், வெளிப்புறம் போதாது. தையற்காரர் மிஞ்சியதை மடித்துக் குத்துவார். சதுரக் கழுத்தின் மூலையில் வெட்டிச் சேர்ப்பார். வெட்டிய இடத்தில் ஒரு பூ பாதியில் அறுந்து, பக்கத்துப் பூவின் பாதியோடு ஒட்டிக் கிடக்கும். தலை ஒருவருடையது, உடல் மற்றொருவருடையது. இதைக் கண்டு யாரும் முகம் சுளிப்பதில்லை என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

கையால் செய்யும் பட்டையோ துணி வெட்டப்படுவதற்கு முன்பே, கழுத்து எங்கே வளைகிறதோ அங்கே வளைந்து வரையப்படுகிறது. மூலையை நெருங்கும் கொடி முன்கூட்டியே தன் இலையைச் சிறிதாக்கிக்கொண்டு, திருப்பத்தில் ஒரு மொட்டை வைத்து, அடுத்த பக்கம் அதே கதியில் தொடரும். தேர்ந்த கை அந்தத் திருப்பத்திற்காக நான்கைந்து பூக்களுக்கு முன்பிருந்தே இடைவெளியைத் துளித்துளியாகச் சரிசெய்துகொண்டு வரும். பார்ப்பவருக்கு எந்த இடத்தில் சரிசெய்தது என்று தெரியாது. நல்ல கவிஞர் எதுகையை நோக்கி நடப்பது தெரியாமல் நடப்பது போன்றது இது. ஒரு பட்டையை மதிப்பிட ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்கலாம் என்று யாரேனும் நமக்குக் கட்டுப்பாடு விதித்தால், நாம் மூலையைப் பார்ப்போம்.

அடுத்துப் பின்புறம். ஆரித் தையலின் முன்புறத்தில் சங்கிலி தெரிவதுபோல் பின்புறத்தில் ஒரே சீரான சிறு கோடுகள் வரிசையாக ஓட வேண்டும். கோடுகள் ஓரிடத்தில் நீண்டும் ஓரிடத்தில் குறுகியும் இருந்தால் ஊசியின் மூச்சு சீராக இல்லை என்று பொருள். இயந்திரத் தையலின் பின்புறத்தில் அடிநூல் வேறாக, பெரும்பாலும் வெண்ணிறமாகத் தெரியும். எனவே கையா இயந்திரமா என்ற கேள்விக்கும் பின்புறமே விடை சொல்லிவிடும். அதைவிட முக்கியமானது முடிச்சு. கண்ணிக்குள் கண்ணியாகப் பிறந்த சங்கிலிக்கு ஒரு பலவீனம் உண்டு; கடைசிக் கண்ணியைக் கட்டாமல் விட்டால், நுனியை இழுத்த மாத்திரத்தில் முழுவதும் கழன்று வந்துவிடும். கட்டாமல் விட்ட கோலமும் கட்டி முடித்த கோலமும் கடையில் ஒன்றுபோலவே மின்னும். திருமணம் முடிந்து, விருந்து முடிந்து, மூன்றாம் முறை உடுத்தும்போதுதான் உண்மை தெரியும். அதற்குள் கூலி கொடுத்தாகிவிட்டது. இருவருக்கும் ஒரே கூலி.

மூன்றாவதாக ஒளி. ஓர் இலையின் ஒரு பாதியை ஒரு திசையிலும் மறுபாதியை வேறு திசையிலும் இழைகளால் நிரப்பினால், ஒரே பொன் இரண்டு நிறமாகத் தோன்றும். ஒரு பாதியில் வெயில், மறுபாதியில் நிழல். ஒரு சிமிக்கிகூடச் செலவில்லாமல் இலைக்கு உயிர் வந்துவிடும். இதை அறியாத கை, நிழல் வேண்டுமானால் வேறு நிறக் கல்லைத் தேடும். பொன்னின் தரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். அசல் சரிகை என்பது பட்டுநூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அதிலும் பொன் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே. சுரண்டினால் உள்ளே சிவந்த பட்டிழை தெரியும் என்பது காஞ்சிபுரத்துப் பழைய சோதனை. செம்புக் கம்பியில் வெள்ளி பூசிய போலிச் சரிகையும், பளபளக்கும் பிளாஸ்டிக் சரிகையும் இன்று பெருகிவிட்டன. போலிச் சரிகையில் நல்ல வேலை செய்ய முடியாதா என்றால், முடியும். மலிவான தாளில் நல்ல கவிதை அச்சாவதில்லையா? பொருளின் விலையை வேலையின் தரமாக எண்ணுவதுதான் பிழை.

இயந்திரத்தின் மேல் நமக்குப் பகை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1863இல் சுவிட்சர்லாந்தின் இசாக் குரோப்ளி படகு வடிவ நாடாவைக் கொண்டு பூத்தையல் இயந்திரம் ஒன்றை அமைத்தார். அன்றிலிருந்து ஏழைப் பெண்ணின் பாவாடைக்கும் ஒரு கரை கிடைத்தது. பெருநாளுக்குப் பத்து வயதுச் சிறுமி உடுத்தும் சட்டையில் லேஸ் மின்னுகிறது என்றால், அது இயந்திரத்தின் கொடை. நேர்கோட்டில் ஒரே பூவை ஆயிரம் முறை தைக்க இயந்திரத்தைவிடச் சிறந்த கை இல்லை. அதை மனிதக் கைக்குக் கொடுப்பதுதான் கொடுமை. இயந்திரம் தன் எல்லைக்குள் நல்லதே செய்கிறது. எல்லை மீறியவர்கள் நாம்.

கடந்த பல ஆண்டுகளாகத் தமிழ்நாடெங்கும் மணப்பெண்ணின் சட்டைக்கு ஆரி வேலை வைப்பது கட்டாயம் போலாகிவிட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தப் புறநகர்த் தெருவில் நுழைந்தாலும் 'ஆரி ஒர்க் செய்து தரப்படும்', 'ஆரி ஒர்க் கற்றுத் தரப்படும்' என்ற பலகைகள் கண்ணில் படும். ஒரு காலத்தில் கரையாக இருந்தது கையின் பாதியை ஏறியது; பிறகு முழங்கை வரை இறங்கியது; முதுகு முழுவதையும் மூடியது. முதுகில் மயிலும் பல்லக்கும், மணமக்களின் பெயர்களும், சில வேளை அவர்களின் முகங்களும் தைக்கப்படுகின்றன. கல்லும் மணியும் குந்தனும் செறிந்து, பட்டு அதன் பாரத்தைத் தாங்காமல் சுருங்குகிறது. பட்டின் நிறம் என்னவென்று கண்டுபிடிக்க விரலால் விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதன்மேல் உடுத்தும் காஞ்சிச் சேலைக்கு ஏற்கெனவே ஒரு கரை இருக்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் உரக்கப் பேசினால் எதுவும் கேட்காது அல்லவா? நிக்காஹ் சபையில் குத்பா ஓதக் கேட்டுக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையின் ஷெர்வானியும் கழுத்திலிருந்து முழங்கால் வரை சரிகையாகவே இருக்கிறது. நான்கு விரல் என்றால் எந்த யானையின் விரல் என்று கேட்கத் தோன்றுகிறது.

செறிவே தரம் என்ற இந்த எண்ணத்தில்தான் சோற்றுப் பிரச்சினை தொடங்குகிறது. வாங்குபவர் பரப்பளவைப் பார்த்து விலை பேசுகிறார். ஆகவே இடையில் நிற்பவரும் பரப்பளவைப் பார்த்தே கூலி பேசுகிறார். எத்தனைப் பூ, எத்தனை வரிசை, எத்தனை நாள் என்பது கணக்கு. மூலையைத் திருப்பத் தெரிந்த கைக்கும் தெரியாத கைக்கும் அந்தக் கணக்கில் வேறுபாடு இல்லை. திருப்பத் தெரிந்தவர் மெதுவாகச் செய்வார். ஆதலால் அவருக்கே இழப்பு. முடிச்சைக் கட்டுபவர் கட்டாதவரைவிட அன்றைக்கு ஒரு பூ குறைவாகத் தைப்பார். தரம் அறியாத சந்தை நல்ல கையைத் தண்டிக்கிறது. இப்படி ஒரு தொழில் எத்தனை நாள் நிற்கும்? பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகும் அதே நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. 1998 முதல் அங்கே கார்கள் உருவாகி வெளிவருகின்றன. அதைச் சூழ்ந்தும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. அங்கே மாதச் சம்பளம், சேமநிதி, பேருந்து, உணவு. தந்தையின் சட்டத்தருகே கால் மடக்கி அமர மகன் மறுத்தால் அவனைக் குறைசொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆவடியில் படையினருக்கு உடை தைக்கும் தொழிற்சாலை ஒன்று 1960களின் தொடக்கத்திலிருந்து இயங்கி வருகிறது. 2021 முதல் அது 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்' என்ற அரசு நிறுவனத்தின் கீழ் உள்ளது. அரசின் சீருடைக்கு நூல் எது, ஓர் அங்குலத்துக்கு எத்தனைத் தையல், பித்தான் எந்த அளவு என்று எழுத்தில் விதி உண்டு. சோதித்து ஏற்கவும் தள்ளவும் ஆள் உண்டு. பேருந்தில் சிறிது நேரப் பயணத்தொலைவில், அதைவிடப் பன்மடங்கு நுட்பமான வேலைக்கு ஒரு வரி விதியும் இல்லை. விதி எழுதி அலுவலரை அமர்த்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அலுவலரிடமிருந்து இந்தக் கலையைக் காப்பது அதைவிடப் பெரிய பாடாகிவிடும். வாங்குபவரின் கண்ணே சோதனையாளராக இருந்தால் போதும்.

இந்தத் தொழிலில் பெண்கள் பெருமளவில் வந்திருப்பதை நாம் மனமார வரவேற்கிறோம். பட்டறையில் ஆண்களின் கையில் இருந்த ஊசி இன்று அம்பத்தூரின் அடுக்கக வீடுகளில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அமரும் தாய்மாரின் கையில் இருக்கிறது. சொந்த வருமானம், வீட்டை விட்டு நகராத வேலை. இத்ரீஸ் நபி (அலை) அவர்களே தையற்கலையின் முன்னோடி என்று நம் மரபு சொல்லும். அந்த மரபில் எவருக்கும் இடம் உண்டு. ஆனால் ஒரு மாத வகுப்பில் பத்துப் பதினைந்து வகைத் தையலைக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் வழங்கும் முறையைப் பற்றி நமக்கு ஐயமிருக்கிறது. தையல் வகைகள் எழுத்துகள். எழுத்துகளைக் கற்றவர் உடனே காவியம் எழுதத் துணிவதைப்போல, முதல் மாதத்திலேயே முதுகு நிறைய மயில் தைக்கிறார்கள். கோலத்தை யார் வரைகிறார்கள் என்று கேட்டால், கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்து என்று விடை வருகிறது. எந்தக் கழுத்துக்கோ வரைந்த கோலம் எந்தக் கழுத்திலோ ஏறுகிறது. வரையக் கற்றுத்தரும் வகுப்பு அரிது. ஒரு முழம் நீளமும் நான்கு விரல் அகலமுமான பட்டையில் ஒரு மூலையைத் திருப்பிக் காட்டு என்று மாணவியரிடம் கேட்கும் ஆசிரியை இருந்தால், அவரிடம் நம் வீட்டுப் பெண்களை அனுப்பலாம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். அப்பாசியர், பாத்திமியர் காலத்து ஆடைகளில் 'திராஸ்' என்ற எழுத்துப் பட்டை ஓடும். சொல்லின் வேரே பூத்தையலைக் குறிப்பது. அப்பட்டையில் கலீபாவின் பெயர் இருக்கும். ஆணையிட்ட அமைச்சரின் பெயர் இருக்கும். ஊரும் ஆண்டும்கூட இருக்கும். தைத்தவரின் பெயர் இருப்பதில்லை. கிஸ்வாவிலும் திரையை வழங்கிய மன்னரின் பெயர் பொன்னில் தைக்கப்படுகிறது. இளங்கோவடிகள் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும்போது நூலில் நுண்வினை செய்யும் காருகரையும் துன்னகாரரையும் மறவாமல் குறித்தார், அதுவும் தொழிற்பெயர்தான். இன்று பாரிசின் ஆடை மாளிகைகளுக்காக இந்தியக் கைகள் தைப்பது உலகறிந்த செய்தியாகிவிட்டது. 2020இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு மும்பையின் பட்டறைகளைப் பற்றி எழுதியபின் அது பெரும் விவாதமாயிற்று. 2023 மார்ச் 30 அன்று டியோர் நிறுவனம் மும்பை 'கேட்வே ஆஃப் இந்தியா' முன்பே தன் ஆடைக்காட்சியை நடத்தி, அங்குள்ள ஒரு பட்டறையின் பெயரையும் சொன்னது. பட்டறையின் பெயர் வந்தது முன்னேற்றமே. கையின் பெயர் எப்போது வரும் என்று கேட்கிறவர்களோடு நாமும் சேர்ந்து கேட்கிறோம். ஆனால் அவர்கள் எண்ணுவதுபோல் அது இரக்கத்தால் வரும் என்று நாம் நம்பவில்லை. காதிப் என்ற எழுத்தோவியருக்கு நம் நாகரிகத்தில் பெயர் நிலைத்தது, அலிஃபின் நிமிர்வையும் நூனின் வளைவையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்த கண்கள் இருந்ததால்தான். இந்தக் கையெழுத்து இன்னாருடையது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பெயர் தானே வந்து நின்றது. மாங்காட்டுச் சாலையில் ஒரு பட்டையைப் பார்த்து, இந்தத் திருப்பம் இன்னாருடைய கை என்று சட்டத்தருகே அமர்ந்திருப்பவர்கள் இன்றும் சொல்லக் கூடும். வாங்கிச் செல்கிற நமக்குத்தான் அது தெரிவதில்லை.

நடைமுறையில் ஒன்று கவனிக்கத் தக்கது. மணப்பெண்ணின் சட்டைத் துணி முழுத் துணியாகவே சட்டத்தில் ஏறி, வேலை முடிந்து இறங்குகிறது. அதன்பிறகே தையற்காரர் அதை வெட்டி, உள்ளே லைனிங் வைத்துத் தைக்கிறார். லைனிங் வைத்தபின் பின்புறம் எவர் கண்ணுக்கும் படாது. முடிச்சுகளும் அந்தச் சீரான சிறு கோடுகளும் அதனுள் மறைந்துவிடும். துணி சட்டத்தை விட்டு இறங்கித் தையற்காரரிடம் போய்ச் சேருவதற்கு இடையில் இருப்பது ஒரு நாளோ இரண்டு நாளோதான். அதைத் திருப்பிப் பார்க்க விரும்புகிறவர் அப்போது போக வேண்டும். பகல் வெளிச்சத்தில் போக வேண்டும்.